கடிகாரம் எங்கே திறந்தது

மார்ச் 6

தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? அறையில் கூட இருப்பவன் இன்னும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறானா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். குடிநீர்க் குழாய்களுக்கு நான் வரைபடம் போடும் புரோகிராம் உனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் மெஷின் ரூமில் பீரோ மாதிரி நிற்கும் யூனிக்ஸ் மெஷினில் மட்டும்தான் ஓடும். அந்தப் படத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் கொண்டுவந்து வேலை பார்க்க வழி இருக்கிறதா?

கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றிருக்கிறேன். பெரிய எஞ்சினியர் ஜூன் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் வீட்டிலிருந்து ஒரு முழுப் படம் வரைந்து காட்டினால் சரி. இல்லாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார், அதனால் கோபமா சாதாரணமா என்று புரியவில்லை.

ஏன் வீட்டிலிருந்து என்று கேட்காதே. பஸ்ஸில் கூட்டம் என்று வைத்துக்கொள்.

மோடம் வாங்கியாயிற்று. கம்ப்யூட்டரை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்றிவிட்டேன். போனில் கேட்கலாமே என்பாய். நீ பேசுகிற வேகத்துக்கு நான் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் வைத்துவிடுவாய். எழுது. திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

உன்னை அவசரக்குடுக்கை என்று சொல்லிச் சொல்லி வெறும் குடுக்கையாகவே ஆக்கிவிட்ட உன் அத்தான் நன்றாக இருக்கிறார்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அறைக்காரன் போகவில்லை.

நீ கேட்டது முடியும். பத்து நிமிட வேலை. ஆனால் நீ செய்யப்போவதால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். இத்துடன் பிளாப்பி டிஸ்குகள் அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது எக்ஸ் சர்வர். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போடு.

இங்கேதான் எல்லோரும் உளறுவார்கள், அதனால் கவனமாகப் படி. சர்வர் என்றதும் நீ ஆபீஸ் பீரோவை நினைப்பாய். தப்பு. இதில் எல்லாம் தலைகீழ். சர்வர் உன் வீட்டில் இருக்கிறது. ஹோட்டல் சர்வரை நினைத்துக்கொள். புரோகிராம் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு ஜன்னல் கொண்டா, அதில் ஒரு கோடு போடு" என்று ஆர்டர் கொடுக்கும். உன் வீட்டில் ஓடும் சர்வர் அதைக் கொண்டுவந்து உன் திரையில் வைக்கும். ஆனால் உலகத்தில் சர்வர்கள் நிறைய. யாரிடம் கேட்பது என்று புரோகிராமுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அந்த விலாசத்துக்குப் பெயர் டிஸ்ப்ளே. நாலு எண், நடுநடுவே புள்ளி.

அடிக்க வேண்டிய வரிகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் இங்கே எங்கள் டெஸ்ட் மெஷினில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். எழுத்து மாறாமல், புள்ளி மாறாமல் அப்படியே அடி. தயவுசெய்து சொந்த புத்தியை உபயோகிக்காதே.

முதல் நாளே வரைபடத்தைத் திறக்காதே. சின்னதாக ஒரு கடிகாரப் புரோகிராம் இருக்கிறது. அதை ஓட்டு. திரையில் கடிகாரம் வந்தால் எல்லாம் வந்த மாதிரி.

மோடம் ஒயர் மேஜைக்குப் பின்னால் போக வேண்டும். அத்தானைக் குனியச் சொல். பேப்பரில் விளம்பரம் வரைக்கும் படித்தாகியிருக்கும், மனுஷன் கொஞ்சம் உடம்பை வளைக்கட்டும்.

பஸ் கூட்டத்துக்காக வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல சொகுசு.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

சௌக்கியமா? உன் பார்சல் வந்தது. தபால்காரர் முத்திரையைச் சரியாக மூன்றாவது பிளாப்பியின் வயிற்றில் குத்தியிருக்கிறார். மற்றதெல்லாம் படிக்கிறது, அது மட்டும் கர்ர் என்று இழுத்துவிட்டு நின்றுவிடுகிறது. இன்னொன்று அனுப்பு. இந்த முறை அட்டைக்கு நடுவில் வை, கெட்டிக்காரா.

ஒயரை நானே போட்டுவிட்டேன். தரையில் படுத்துத் தவழ்ந்து போய். மேஜைக்கு அடியில் காணாமல்போன கம்மல் கிடைத்தது, அதனால் நஷ்டமில்லை.

சர்வர் வீட்டில்தான் இருக்கிறது என்று நீ பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. இந்த வீட்டில் சர்வர் யார் என்று எனக்கு முன்பே தெரியும். தட்டு, டம்ளர், துண்டு, மறுபடி டம்ளர். கஸ்டமர் ஆர்டரே கொடுப்பதில்லை, நானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அத்தான் நன்றாக இருக்கிறார். நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நலம். பிளாப்பி, இரண்டு அட்டைக்கு நடுவில், மேலே "முத்திரை குத்தாதீர்கள்" என்று எழுதி. அதன்மேலேயே குத்துவார்கள், பார்.

"சிரித்தார் என்று நினைக்கிறேன்" என்றால் என்ன? சிரித்தாரா இல்லையா? எஞ்சினியர்தானே நீ, ஒழுங்காக அளந்து எழுது.

தம்பி


ஏப்ரல் 25

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அங்கே வெயில் எப்படி? இங்கே மின்விசிறியைக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டதால் எனக்குக் காற்று இல்லை.

சர்வர் ஏறிவிட்டது. ஆபீஸ் மெஷினைக் கூப்பிட்டு, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய்விட்டேன். முதலில் உன் தாளைப் பார்க்காமலே கடிகாரத்தை ஓட்டினேன். "கான்ட் ஓபன் டிஸ்ப்ளே" என்றது. சரி, இதற்குத்தான் தம்பி டிஸ்ப்ளே வரி எழுதியிருக்கிறான் என்று அதையும் அடித்தேன். எழுத்து மாறவில்லை, புள்ளி மாறவில்லை, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தேன். அந்தப் பிழை போய்விட்டது.

ஆனால் கடிகாரம் வரவில்லை.

முன்பாவது முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. இப்போது ஒன்றுமே சொல்வதில்லை. நல்லபடியாகத் தொடங்கிவிட்டேன் என்பது மாதிரி அடுத்த வரிக்குப் போய் நிற்கிறது. என் திரையோ துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. மறுபடி, மறுபடி. வேறு நாள், வேறு நேரம். அதே கதை.

ஒரு சங்கடம் என்னவென்றால் ரொம்ப நேரம் முயற்சி செய்ய முடியவில்லை. மோடம் ஓடினால் போன் வராது. எனக்குச் சில நேரம் போன் வந்தாக வேண்டும். அதனால் கடிகாரத்தை ஓட்டிவிட்டு, வரவில்லை என்றதும் லைனை வைத்துவிடுகிறேன்.

என்ன தப்பு செய்கிறேன் என்று சொல். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள், முதலில் பதிலைச் சொல்.

அத்தான் பரவாயில்லை.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தைப் படித்தபின் நீ நலமாக இருப்பாயா தெரியாது.

பிழையும் வரவில்லை, ஜன்னலும் வரவில்லை என்பது நடக்கவே நடக்காது. ஒன்று அது வர வேண்டும், இல்லை இது வர வேண்டும். யூனிக்ஸ் உன் மாமியார் வீட்டுச் சொந்தம் இல்லை, கேட்டால் கேட்காத மாதிரி இருப்பதற்கு. நீ சரியாக அடிக்கவில்லை, அல்லது அடித்துவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை, அல்லது இரண்டு தரம் அடித்துவிட்டு இருபது தரம் என்று எழுதுகிறாய். சின்ன வயதில் கணக்கு நோட்டிலும் இப்படித்தான், விடையை எழுதிவிட்டு வழியை நடுவில் நிரப்புவாய்.

போன் வந்தாக வேண்டுமாமே. யார் உனக்கு போன் பண்ணப் போகிறார்கள்? நான் ஒருத்தன்தான் பண்ணுவேன், எனக்கோ எப்போதும் எங்கேஜ்டு. வேலை போய்விடும் என்று பயப்படுகிறவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாளா? தெரியாமல்தான் கேட்கிறேன், உனக்கு இந்த வேலை வேண்டுமா வேண்டாமா?

தாளில் இருக்கும் வரிகளை முதலிலிருந்து மறுபடி அடி. வரி எல்லாம் சரி. நான் ஓட்டிப் பார்த்தது.

இங்கேயும் எரிச்சல்தான். எங்கள் டெஸ்ட் மெஷினுக்கு இருந்த ஒரே நல்ல மானிட்டரை நான் உனக்கு எழுதிய வாரமே கணக்குப் பிரிவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெஷின் பாட்டுக்கு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, முகம்தான் இல்லை. கேட்டால் "தரோம் தம்பி, தரோம் தம்பி" என்கிறார்கள். எனக்கு வேலை நிரந்தரமாவதற்குள் தருவார்களா பார்ப்போம்.

அத்தானுக்கு என்ன "பரவாயில்லை"? போன தடவை நன்றாக இருந்தாரே.

தம்பி


மே 28

தம்பிக்கு,

நலமா. பதில் எழுத நாளாகிவிட்டது. காரணம் ஒன்றுமில்லை.

நீ சொன்னபடி முதலிலிருந்து அடித்தேன். கடிகாரம் வரவில்லை.

நேற்று ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட ஆபீஸுக்குப் போய்விட்டு உடனே திரும்பினேன். மெஷின் ரூம்காரர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்க பேர்ல ஒரே கடிகாரமா ஓடுதே. எத்தனை ஊர் நேரம் பாக்கறீங்க?" என்றார். நல்ல மனுஷர். "இருக்கட்டும், மெஷின் தாங்கும்" என்று சொல்லிவிட்டார். என் மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எழுந்தாள். உட்காரும்மா என்றேன். என் பேனா ஸ்டாண்டில் அவள் சீப்பு இருந்தது.

கடிகாரம் அங்கே ஓடுகிறது என்றால் எங்கேயோ காட்டிக்கொண்டுதானே இருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த அறிவுக்குக் கேட்கிறேன்.

ஜூன் முடிந்தால் முடிந்தது. கொஞ்சம் யோசித்து எழுது, தம்பி.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

மண்டை காய்கிறது. வேறு நலம் இல்லை.

அங்கே ஓடுவதெல்லாம் நீ பாதியில் போனை வைத்ததால் தொங்கிக்கொண்டிருக்கும் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யாதே. எங்கேயும் காட்டவில்லை. காட்டினால் உன் திரையில் காட்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. கடிகாரத்தை விடு. டைப் அடிக்கிற ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதன் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். டிஸ்ப்ளே வரியை அப்படியே வைத்துக்கொண்டு அதை ஓட்டிப் பார். அதுவும் வரவில்லை என்றால் எனக்கு எழுதாதே. உனக்கும் எனக்கும் இந்த ஜென்மத்தில் ஒத்துவராது.

உண்மையைச் சொன்னால் கோபப்படாதே. உனக்கு இதில் மனசு இல்லை. இருந்தால் மூன்று மாதம் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவர முடியாமல் இருக்க மாட்டாய். பேசாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு. அத்தான் சம்பளம் போதாதா?

தம்பி


ஜூன் 12

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கப்போவதில்லை. விசாரித்து நீ சொன்ன லட்சணம் தெரிந்துவிட்டது.

நேற்று மத்தியானம் கணக்குப் பிரிவு மானிட்டரைத் திருப்பிக் கொடுத்தது. நானே சுமந்துகொண்டு வந்து மூலையில் இருந்த டெஸ்ட் மெஷினில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் திரை மெல்ல வெளுத்தது.

கடிகாரம். திரை முழுக்கக் கடிகாரம். ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் தோளில் ஒன்று, இடம் போதாமல் ஓரத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டு. எல்லாவற்றிலும் ஒரே நேரம், எல்லா முள்ளும் சேர்ந்தாற்போல் நகர்கிறது. யாரோ கிறுக்குப்பயல் விளையாடியிருக்கிறான் என்று நினைத்து, யார் என்று திட்டுவதற்காக மேலே இருந்த பெயரைப் படித்தேன். உன் ஆபீஸ் மெஷினின் பெயர்.

அப்புறம்தான் உறைத்தது. தாளில் உனக்கு டிஸ்ப்ளே வரி எழுதினேனே, அதை டெஸ்ட் மெஷினில் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினேன். டெஸ்ட் மெஷினின் விலாசத்தோடு. உன் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் என் விலாசம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அதன் கதவை வேறு திறந்துபோட்டிருந்தேன். நீ எழுத்து மாறாமல், புள்ளி மாறாமல், ஸ்கேல் வைத்து அடித்தாய். உன் கடிகாரம் ஒவ்வொன்றும் ஒழுங்காகத் திறந்தது. என் அறையில். முகமில்லாத மெஷினில். நான் நாலு அடி தள்ளி உட்கார்ந்து, "நீ முயற்சியே செய்யவில்லை" என்று உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண முடியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு, சிரித்து, அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரங்களுக்கு மேலே புதிதாக ஒரு ஜன்னல் திறந்தது. டைப் அடிக்கிற ஜன்னல். போன கடிதத்தில் நான் ஓட்டச் சொன்னது. நீ அந்த நிமிஷம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். அந்த ஜன்னலில் நான் அடித்தால் உன் ஆபீஸ் மெஷினில் நீ அடித்த மாதிரி. கை துறுதுறுத்தது. உன் திரைக்குத் துண்டுச் செய்தி அனுப்பினேன், ஆங்கில எழுத்தில் தமிழ்: "இத்தனை கடிகாரம் எதுக்கு?"

குடுக்கை என்று பெயரைப் போட்டிருக்கலாம். போடவில்லை. நான்தான் என்று நீயே கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன். நீ மெஷின் ரூம்காரர் என்று நினைத்துக்கொண்டாய்.

நீ அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன், எழுத்து மாறாமல்.

"சார், கட் பண்ணிடாதீங்க சார். இன்னும் கொஞ்ச நேரம். அவரைச் சாய்ச்சு உட்கார வெச்சிட்டு வந்திருக்கேன்."

யாரை என்று கேட்டேன்.

"என்ன சார் மறந்துட்டீங்களா? ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீங்களே. பேச்சு இன்னும் வரல. வலது கை அப்படியேதான் இருக்கு. இடது கையில நேத்து ஸ்பூன் பிடிச்சார். நர்ஸ் எந்த நேரம் வருவாங்கன்னு போன் வரும், அதான் லைனை ரொம்ப நேரம் பிடிக்க முடியல."

நீயே தொடர்ந்தாய்.

"பெரிய சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். என் தம்பிதான் சொல்லித் தர்றான். கோபக்காரன், ஆனா இதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடுவான்."

"சரிம்மா" என்று அடித்தேன்.

மெஷின் ரூம்காரருக்குத் தெரியும். பெரிய எஞ்சினியருக்குத் தெரியும். உன் மேஜையில் சீப்பு வைத்தவளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு? "அத்தான் நன்றாக இருக்கிறார்." "அத்தான் பரவாயில்லை." அப்புறம் அதுவும் இல்லை. மனுஷனைக் குனியச் சொல் என்று எழுதினேன் அக்கா. அவர் சம்பளம் போதாதா என்று எழுதினேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டினாயா? என்னை என்னவென்று நினைத்தாய், வெறும் ரிப்பேர்காரன் என்றா?

நீ லைனை வைத்தபின் அந்த ஜன்னல் வழியாகவே உன் கணக்குக்குள் ஒரு வேலை செய்துவைத்திருக்கிறேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் ஆபீஸ் உனக்கு வேறு வேறு விலாசம் கொடுக்கிறது. இனி நீ எதுவும் அடிக்க வேண்டாம், உள்ளே நுழைந்ததும் எங்கிருந்து வருகிறாய் என்று பார்த்து டிஸ்ப்ளேயை அதுவே வைத்துக்கொள்ளும். என் தாளைக் கிழித்துப் போடு.

லீவு எழுதி வைத்திருக்கிறேன். உன் பதிலுக்காக மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 13

என் தங்கத் தம்பிக்கு,

சௌக்கியமா இரு! வந்துவிட்டதடா! கடிகாரம் வந்துவிட்டது! தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தேன். எவ்வளவு சின்ன முள்! வரைபடத்தையும் திறந்துவிட்டேன். வடக்குத் தெருக் குழாய் முழுவதும் நீலத்தில் என் வீட்டுச் சுவருக்கு எதிரே.

கோபிக்காதே, சரி செய்தது நீ இல்லை. மெஷின் ரூம்காரர். நேற்றைக்கு முந்தின நாள் என்னோடு துண்டுச் செய்தியில் பேசினார், மறுநாள் பார்த்தால் எல்லாம் தானாக நடக்கிறது. போன் பண்ணி நன்றி சொன்னேன். "நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா, நான் ரெண்டு நாளா லீவு" என்கிறார். எவ்வளவு தன்னடக்கம் பார். நீயும் இருக்கிறாயே.

வேலை இருக்கிறது, ஓடுகிறேன்.

அக்கா


ஜூன் 22

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் எழுதியது உனக்குக் கிடைத்து நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய் என்பதும் தெரிகிறது. பாவம் மெஷின் ரூம்காரர், ஒரு பை ஆரஞ்சு அனுப்பிவிட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். அம்மா படுத்திருந்தபோது பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறி வந்தவன் நீ. ஒரு வருஷம் போயிற்று. பிப்ரவரியில் இவர் சாப்பிடும்போது டம்ளரை நழுவவிட்டபோது, டாக்டர் வருவதற்கு முன்னால் எனக்கு வந்த யோசனை அதுதான். குடுக்கை ஓடிவந்துவிடுவான், வேலை நிரந்தரமாவதற்கு முன்னால். இவருக்குப் பேச்சு இருந்திருந்தால் இவரும் அதையே சொல்லியிருப்பார். போனில் நீ என் குரலைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிப்பாய். அதனால் கடிதம்.

நீ எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். சம்பள வரியை மட்டும் விட்டுவிட்டேன். மற்றதற்கெல்லாம் உதடு ஒரு பக்கமாகப் போகும். அளந்து எழுதச் சொன்னாயே, அதுதான் அளவு. சிரிப்பு, ஒரு பக்கம்.

படம் முடிந்தது. ஆபீஸிலேயே அச்செடுத்து விரித்துப் பார்த்தாராம் பெரிய எஞ்சினியர். என்னை போனில் கூப்பிட்டு, "மேஜையை அந்தப் பொண்ணுக்கே விட்டுடறேன், உங்களுக்குத் தேவையில்லையே" என்றார். மேஜை போயிற்று, வேலை இருக்கிறது. சீப்புக்காரி நன்றாக இருக்கட்டும்.

லீவைக் கிழித்துப் போடு. நிரந்தர ஆர்டர் கையில் வந்தபின் வா, ஒரு மாதம் இரு, மேஜைக்கு அடியில் தவழ ஆள் வேண்டும். அதுவரை ஒன்று செய். உன் மூலை மெஷினின் கதவை எனக்கு மட்டும் திறந்து வை. தினமும் காலையில் வேலை தொடங்கும்போது உன் மெஷின் விலாசத்துக்கும் ஒரு கடிகாரம் ஓட்டுகிறேன். வந்தால் இங்கே எல்லாம் சரி. வராவிட்டால் போன் பண்ணு, எடுப்பேன். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்.

இவர் இப்போது கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்திருக்கிறார். பேச்சுப் பயிற்சிக்காரம்மா கீபோர்டில் எழுத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். இடது கையின் ஒரு விரல். அழுத்துகிறார், எடுக்கத்தான் முடியவில்லை. திரை முழுக்க ஒரே எழுத்தாக ஓடுகிறது. கோபம் வருகிறது, தட்டிவிடுகிறார். மறுபடி கொண்டுவந்து வைக்கிறேன். சர்வர் வேலை.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு, அத்தானுக்கு,

நலம். கதவு உங்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது, வேறு யாரும் நுழைய முடியாது. மானிட்டரைக் கேட்டு மறுபடி கணக்குப் பிரிவு வந்தது. மேலே விழுந்து கடித்திருப்பேன், ஓடிவிட்டார்கள்.

தினமும் கடிகாரம் வருகிறது. நான் வந்து நாற்காலியை இழுப்பதற்குள் வந்துவிடுகிறது. இன்று காலை வரவில்லை. டீ வாங்கிவந்து வைத்தேன், ஆறியது. போனை எடுத்து, வைத்து, எடுத்து. உங்கள் நம்பரைப் பாதி சுழற்றியிருக்கும்போது திரையில் திறந்தது.

எப்போதும் கடிகாரத்துக்கு மேலே இருக்கும் பட்டையில் ஆபீஸ் மெஷினின் பெயர்தான் இருக்கும். இன்றைக்கு அங்கே ஆங்கில எழுத்தில் வேறு என்னவோ தமிழ் எழுதியிருந்தது. பெயரை மாற்றி ஓட்டுவதற்கு நீ வரியைத் தயாராக வைத்துக் கொடுத்திருப்பாய், தெரிகிறது. அந்த ஒரு வார்த்தையை நீ அடிக்கவில்லை, அதுவும் தெரிகிறது.

குடுஉஉஉஉஉக்கை.

பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் பார்த்தால் அளபெடை என்று மார்க் போட்டிருப்பார். பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்துப் பிழைடா, மூடு அதை" என்றான். கை வைத்தால் உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தான், நாளைக்கு இன்னொரு வார்த்தை அனுப்புங்கள். எதுவானாலும் சரி, திட்டாகவே இருக்கட்டும், கொடுக்க வேண்டிய பாக்கி நிறைய இருக்கிறது. விரலை எப்போது எடுக்க வருகிறதோ அப்போது எடுங்கள். எனக்கு அவசரமில்லை. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

குடுக்கை